வாத்தியாரின் கால்சட்டையை வெட்டி மார்பில் குத்திக்கொண்ட மாணவர்கள்!

ஒரு கால்சட்டை. குதிரைப்படைக் கால்சட்டை. நீலத் துணி. பக்கவாட்டில் மஞ்சள் பட்டை.

அதை ஒரு மாணவர் கூட்டம் கேட்டு வாங்கியது. கத்தரியால் வெட்டியது. துண்டு துண்டாக ஆளுக்கு ஒன்று எடுத்து மார்பில் குத்திக்கொண்டது.

1895-ம் ஆண்டு அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இது. கால்சட்டைக்குச் சொந்தக்காரர், அந்த மாணவர்களுக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார். பெயர் ஜான் பெர்ஷிங். வயசு 34. வெறும் லெப்டினென்ட்.

23 வருஷம் கழித்து, அதே ஆள் 20 லட்சம் சிப்பாய்களுக்குத் தளபதியாக ஐரோப்பாவில் நின்றார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையை நடத்திய பெர்ஷிங் இவர்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படைப் பயிற்சி மாணவர்களுக்கு என்று ஒரு கவுரவ சங்கம் உண்டு. நம்ம ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், என்.சி.சி. மாணவர்களில் பொறுக்கி எடுத்த கெட்டிக்காரர்களின் சங்கம். அதன் பெயர் பெர்ஷிங் ரைபிள்ஸ். அந்தப் பெயர் வந்த கதையில் கால்சட்டை ஒரு துண்டுதான். மீதிக் கதை பெரிசு.

கடைக்காரர் மகன்

பெர்ஷிங் பிறந்தது 1860 செப்டம்பர் 13-ந் தேதி. ஊர், மிசவுரி மாநிலத்தில் லாக்லீட் பக்கம். அப்பா கடைக்காரர். ஊர்த் தபால் அதிகாரி வேலையும் பார்த்தார். வசதியான குடும்பம்தான்.

1873-ல் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்தது. பாங்குகள் கவிழ்ந்தன. பெர்ஷிங்கின் அப்பா சொத்தை இழந்தார். 13 வயசுப் பையன் ஏர் பிடிக்கப் போனான்.

கொஞ்சம் வளர்ந்ததும் ஊரில் கறுப்பர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தான். உள்நாட்டுப் போர் முடிந்து பத்துப் பதினைந்து வருஷம் கூட ஆகாத காலம். அந்தப் பள்ளியில் வெள்ளைக்காரப் பையன் பாடம் நடத்தியதை ஊரில் எல்லோரும் ரசித்திருக்க மாட்டார்கள். இந்தக் கறுப்பர் பள்ளிக்கூட விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

பட்டாள ஆசை பெர்ஷிங்குக்குத் துளிகூட இல்லை. வக்கீல் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. கையில் காசு இல்லை. அப்போது பேப்பரில் ஒரு அறிவிப்பு. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு ஆள் எடுக்கப் போட்டித் தேர்வு. படிப்பு இலவசம்! ஓசியில் நல்ல படிப்பு என்றுதான் போய் எழுதினார். அடுத்த ஆளை ஒரே ஒரு மார்க்கில் முந்தினார் என்று சொல்வார்கள்.

1882-ல் சேர்ந்து 1886-ல் வெளியே வந்தார். படிப்பில் 77 பேரில் 30-வது இடம். சுமார்தான். ஆனால் மாணவர் தலைவன் பதவி அவருக்கே கிடைத்தது. மார்க்கு வேறே, தலைமை வேறே!

தூசி படிந்த துப்பாக்கிகள்

சில வருஷம் மேற்கே குதிரைப்படையில் இருந்தார். 1891-ல் மாற்றல் உத்தரவு வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ராணுவ வாத்தியார்.

பல்கலைக்கழகத்துக்கு ஏன் ராணுவ வாத்தியார்? அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் வந்தது. மாநிலங்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுக்கும். அதை விற்றுக் கல்லூரி கட்டிக்கொள்ளலாம். விவசாயமும் தொழிலும் சொல்லித்தர வேண்டும். கூடவே ராணுவப் பயிற்சியும் இருக்க வேண்டும். அப்படி நிலத்தால் உண்டான கல்லூரிகளில் நெப்ராஸ்காவும் ஒன்று.

சட்டத்துக்காக நடக்கிற எதுவும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அங்கே கவாத்து. மாணவர்கள் கடனே என்று வந்தார்கள். உடுப்பு அழுக்கு. துப்பாக்கியைத் தோளில் வைப்பது விறகுக் கட்டை தூக்குகிற மாதிரி. பேராசிரியர்களில் பலருக்கும் இது வேண்டாத வேலை.

பெர்ஷிங் வந்தார். பூட்ஸ் பளபளக்க வேண்டும் என்றார். பித்தான் ஒன்று கழன்றிருந்தாலும் விடமாட்டார். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் விடமாட்டார். திட்டு வாங்காத மாணவன் இல்லை. ஆனால் தானும் அப்படியே இருந்தார். மாணவர்கள் பார்க்கும்போதெல்லாம் மடிப்புக் கலையாத உடுப்பு.

கண்டிப்பான வாத்தியாரைப் பையன்கள் வெறுப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். லிங்கன் நகரில் நேர்மாறாக நடந்தது. பண்ணைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். தங்களை ஒருத்தன் ஒழுங்காக நிறுத்திப் பார்க்கிறான் என்பதே அவர்களுக்குப் புதுசு. கூட்டம் கூடியது.

ஒமாகா போட்டி

1892-ல் பக்கத்து நகரமான ஒமாகாவில் தேசிய அளவில் கவாத்துப் போட்டி நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெயர் பெற்ற அணிகள் வந்திருந்தன. பெர்ஷிங் தன் மாணவர்களில் நல்லவர்களாகப் பொறுக்கி ஒரு அணி அமைத்திருந்தார். அதற்குக் கம்பெனி ஏ என்று பெயர். நாள் தவறாமல் பயிற்சி கொடுத்தார்.

புதுசாகப் போட்டிக்கு வருகிற அணிகளுக்கான பிரிவில் நெப்ராஸ்கா பையன்கள் முதல் பரிசைத் தட்டினார்கள். 1,500 டாலர்! அந்தக் காலத்தில் ஒரு லெப்டினென்டின் வருஷச் சம்பளத்துக்கு ஏறக்குறைய சமம்.

லிங்கன் நகரம் கொண்டாடியது. நேற்று வரை கவாத்து என்றால் கேலி செய்த ஊர்.

ஜெயித்த பையன்கள் கலைந்துபோக மனம் வராமல் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். வார்சிட்டி ரைபிள்ஸ் என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழகத் துப்பாக்கி அணி என்று அர்த்தம். 1895-ல் பெர்ஷிங்குக்கு மாற்றல் வந்தது. வாத்தியார் போகிறாரே என்று பையன்கள் சங்கத்தின் பெயரை மாற்றினார்கள். பெர்ஷிங் ரைபிள்ஸ்.

கால்சட்டை கேட்டது அப்போதுதான் என்பார்கள். நினைவுக்கு ஒன்று வேண்டும் என்று போய்க் கேட்டார்களாம். அவரும் கொடுத்துவிட்டாராம். நீலமும் மஞ்சளுமாக வெட்டிய அந்தத் துணித் துண்டுகள்தான் சங்கத்தின் முதல் சின்னம்.

கவனிக்க வேண்டும். அப்போது பெர்ஷிங் பெரிய ஆள் கிடையாது. போரில் ஜெயித்தவர் கிடையாது. சிலை வைக்கிற அளவுக்கு எதுவும் செய்யவில்லை. பின்னாளில் அவர் பெயரை ஊருக்கும் தெருவுக்கும் வைத்தவர்கள் எல்லாம் ஜெனரல் பெர்ஷிங்குக்கு வைத்தார்கள். லெப்டினென்ட் பெர்ஷிங்குக்கு வைத்தவர்கள் இந்தப் பையன்கள் மட்டும்தான்.

மத்தியானச் சாப்பாட்டு சிநேகிதன்

லிங்கன் நகரில் இருந்த நாலு வருஷத்தில் பெர்ஷிங் தன் பழைய ஆசையையும் தீர்த்துக்கொண்டார். பகலில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்து 1893-ல் பட்டம் வாங்கினார்.

பட்டாளத்தை விட்டுவிட்டு வக்கீல் தொழிலுக்கு வந்துவிடலாமா என்று யோசித்தார். மலிவான சாப்பாட்டுக் கடையில் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவரும் வக்கீல்தான். தொழில் படுத்துவிட்ட காலம். மாதச் சம்பளம் வருகிற வேலையை விடாதே என்று அவர் தடுத்துவிட்டார். அந்த சிநேகிதர் சார்லஸ் டாஸ். 1925 முதல் 1929 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதி!

இரண்டு வருஷத்தில் இரண்டாவது பெயர்

நெப்ராஸ்காவை விட்ட பெர்ஷிங் 10-வது குதிரைப்படையில் சேர்ந்தார். சிப்பாய்கள் எல்லாம் கறுப்பர்கள். அதிகாரிகள் வெள்ளையர்கள். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். பல அதிகாரிகள் அங்கே போவதையே தண்டனையாக நினைத்தார்கள். பெர்ஷிங் அந்தச் சிப்பாய்களை மெச்சிப் பேசினார்.

1897-ல் வெஸ்ட் பாயிண்டுக்கே பயிற்சி அதிகாரியாகப் போனார். அதே பளபள பூட்ஸ். அதே பித்தான் கண்டிப்பு. ஆனால் அங்கிருந்த மாணவர்கள் பண்ணைப் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு இந்த ஆளைப் பிடிக்கவே இல்லை. பழி தீர்க்க ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். கறுப்பர் படையில் இருந்தவர் என்பதைக் குத்திக்காட்டும் கேவலமான சாதி வசவு. பேப்பரில் அச்சடிக்க முடியாது.

நாளாக ஆக அந்த வசவு மழுங்கி பிளாக் ஜாக் ஆனது. கறுப்பு ஜாக். உலகப்போர் சமயத்தில் பத்திரிகைகள் எல்லாம் அதையே வீரப்பெயர் மாதிரி போட்டன. படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும்?

ஒரே ஆள். ஒரே குணம். ஒரு இடத்தில் மாணவர்கள் தங்கள் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் இன்னொரு இடத்து மாணவர்கள் அவருக்கு வசவைப் பெயராக வைத்தார்கள்.

சீனியாரிட்டி

1898-ல் கியூபாவில் ஸ்பெயினுடன் சண்டை. சான் யுவான் மலைச் சண்டையில் பெர்ஷிங் தன் கறுப்பர் படையோடு இருந்தார். பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அந்தக் களத்தில் இருந்தவர்.

இத்தனைக்கும் பிரமோஷன் வரவில்லை. 1901-ல்தான் கேப்டன் ஆனார். அப்போது வயசு 40. சர்வீஸ் 15 வருஷம். ஆபீசில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு இது புரியும். மேலே ஆள் நகர்ந்தால்தான் கீழே ஆள் ஏற முடியும் என்பதே ராணுவச் சட்டம்.

பிலிப்பைன்ஸ் தீவில் மிண்டனாவோ பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே மோரோ முஸ்லிம்கள் அமெரிக்க ஆட்சியை ஏற்கவில்லை. பெர்ஷிங் அவர்கள் பாஷையைக் கற்றார். தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார். பேச்சுக்கு வராதவர்களைத் துப்பாக்கியால் அடக்கினார். 1903-ல் லனாவோ ஏரியைச் சுற்றிப் படை நடத்திப் பெயர் வாங்கினார். அந்த வருஷமே ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அவர் பெயரைக் குறிப்பிட்டு, திறமைக்குப் பதவி உயர்வு கொடுக்க வழி வேண்டும் என்று கேட்டார். பாராளுமன்றம் அசையவில்லை.

1905-ல் கல்யாணம். பெண், பிரான்சஸ் வாரன். அவருடைய அப்பா வயோமிங் மாநில செனட்டர். அதோடு செனட் ராணுவக் கமிட்டித் தலைவர்! கல்யாணத்துக்கு ஜனாதிபதியே வந்திருந்தார்.

அடுத்த வருஷம், 1906-ல், வெடிகுண்டு மாதிரி ஓர் உத்தரவு. கேப்டன் பெர்ஷிங் ஒரேயடியாக பிரிகேடியர் ஜெனரல்! மேஜர், லெப்டினென்ட் கர்னல், கர்னல் என்ற மூன்று படிகளையும் தாண்டி, தனக்கு மேலே இருந்த 800க்கும் மேற்பட்ட அதிகாரிகளின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தார். கேப்டனை மேஜர் ஆக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை, ஜெனரல் ஆக்க உண்டு. சட்டத்தின் அந்த ஓட்டைதான் வழிவிட்டது.

மாமனார் கொடுத்த பதவி என்று ராணுவத்தில் புகைந்தார்கள். மாமனார் இல்லாமல் நடந்திருக்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜனாதிபதி பெயர் சொல்லிக் கேட்ட ஆள் என்பதையும் மறைக்கக் கூடாது.

1909-ல் மோரோ மாகாண கவர்னராகத் திரும்பிப் போனார். ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவு போட்டார். எதிர்த்தவர்கள் குடும்பத்தோடு மலை உச்சியில் ஏறி அரண் கட்டினார்கள். 1913 ஜூன் மாதம் பட் பக்சாக் மலையில் ஐந்து நாள் சண்டை. மோரோக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. வெற்றி என்று எழுதினார்கள்.

டெலிபோன் மணி

1914-ல் பெர்ஷிங் குடும்பம் சான்பிரான்சிஸ்கோவில் பிரசிடியோ ராணுவக் குடியிருப்பில் இருந்தது. மனைவி, மூன்று பெண்கள், ஒரு பையன். பெர்ஷிங் மட்டும் மெக்சிகோ எல்லையில் எல்பாசோ நகரில் காவலுக்குப் போயிருந்தார். குடும்பத்தை அங்கே கூட்டிக்கொள்ள வீடும் தயார் செய்தாகிவிட்டது. சில நாளில் வரவேண்டியவர்கள்.

1915 ஆகஸ்ட் 27-ந் தேதி விடியற்காலை. பிரசிடியோ வீட்டில் கணப்பு அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டு தரையில் விழுந்தது. மரத்தரை. புதுசாக மெருகு பூசியிருந்தது. குப்பென்று பற்றிக்கொண்டது. தூங்கியவர்களை நெருப்புக்கு முன்னே புகை கொன்றது.

மனைவி பிரான்சஸ் பலி. 8 வயசு ஹெலன், 7 வயசு ஆன், 3 வயசு மேரி மார்கரெட், மூன்று பெண் பிள்ளைகளும் பலி. 6 வயசுப் பையன் வாரன் மட்டும் மூச்சோடு வெளியே கொண்டுவரப்பட்டான்.

எல்பாசோவில் ஆபீஸ் டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் ஒரு பத்திரிகை நிருபர். எடுத்தது பெர்ஷிங்கின் உதவியாளர் என்று நினைத்துக்கொண்டு, வந்த தந்திச் செய்தியை அப்படியே படித்தார். எடுத்தவர் பெர்ஷிங்! பெண்டாட்டி பிள்ளைகள் செத்த செய்தியை அவர் கேட்டது இப்படி.

தீ விபத்துச் செய்திக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. டெலிபோனில் எதிர்முனையில் யார் என்று கேட்காமல் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சம்பவம் வேண்டியதில்லை.

ரயில் ஏறி வந்தார். நாலு பெட்டிகளையும் வயோமிங்கில் செய்யென் நகருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்தத் தீக்குப் பிறகு பிரசிடியோவில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிற தீயணைப்பு நிலையம் 1917-ல் வந்தது. செத்த பிறகு வருகிற வசதி.

வில்லா வேட்டை

வீட்டைப் பறிகொடுத்து ஏழு மாசம்கூட ஆகவில்லை. 1916 மார்ச் 9-ந் தேதி மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் எல்லை தாண்டி கொலம்பஸ் என்ற ஊரைத் தாக்கினார்கள். வில்லாவைப் பிடிக்க 10 ஆயிரம் பேரோடு பெர்ஷிங்கை அனுப்பினார்கள். 1914-ல் இதே வில்லாவும் பெர்ஷிங்கும் பக்கத்தில் நின்று சிரித்து எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கிறது!

லாரி போனது, விமானம் பறந்தது. பதினோரு மாசம் தேடினார்கள். வில்லா சிக்கவே இல்லை.

இருந்தும் 1917-ல் அமெரிக்கா உலகப்போரில் குதித்தபோது பெர்ஷிங்கைத்தான் தளபதி ஆக்கினார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் உங்கள் ஆட்களை எங்கள் படையில் சேர்த்துவிடுங்கள் என்று நச்சரித்தன. முடியாது, அமெரிக்கப் படை தனியாகத்தான் நிற்கும் என்று பிடிவாதமாக இருந்தார். நெப்ராஸ்கா பையன்களிடம் காட்டிய அதே கண்டிப்பு. நின்றது, ஜெயித்தது. ஆனால் கடைசி மியூஸ் ஆர்கான் சண்டையில் மட்டும் 26 ஆயிரம் அமெரிக்கர்கள் செத்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் தளர்ந்தது. கறுப்பர் ரெஜிமெண்டுகள் நாலை மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். வெள்ளைச் சிப்பாய்களோடு சேர்த்து நிறுத்த அமெரிக்க ராணுவம் தயாராக இல்லை. நியூயார்க்கில் ஹார்லம் பகுதிப் பையன்கள் நிறைந்த 369-வது ரெஜிமெண்ட் பிரெஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு சண்டை போட்டுப் பிரெஞ்சு விருது வாங்கியது. கறுப்பர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், கறுப்பர் படையை மெச்சியவர், அதனாலேயே வசவு வாங்கியவர், மேலே போனதும் ஊரோடு ஒத்துப் போய்விட்டார்.

1918 நவம்பர் 11-ந் தேதி விடியற்காலை சமாதானக் கையெழுத்து ஆனது. சண்டை நிற்க வேண்டிய நேரம் காலை 11 மணி. நடுவில் என்ன செய்வது என்று பெர்ஷிங்கின் தலைமையகம் தெளிவாகச் சொல்லவில்லை. சில தளபதிகள் நிறுத்தினார்கள், சிலர் முன்னேறினார்கள். போர் முடிந்தது என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு நாளில் 300க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். பாராளுமன்றத்தில் விசாரணை நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

வெள்ளைக் கல்

1919-ல் பெர்ஷிங்குக்கு எல்லாப் படைகளுக்கும் ஜெனரல் என்ற பதவி தந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதவி பெற்றவர் அவர் ஒருவர்தான். 1921 முதல் 1924 வரை ராணுவத் தலைமைத் தளபதி. போர் நினைவுகளை எழுதிய புத்தகத்துக்கு 1932-ல் புலிட்சர் பரிசு.

அவர் பெயர் பரவப் பரவ, நெப்ராஸ்கா சங்கமும் பரவியது. 1920-களில் மற்ற பல்கலைக்கழக மாணவர்களும் எங்களுக்கும் ஒரு கிளை வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஊர்ச் சங்கம் தேசிய சங்கம் ஆனது.

1948 ஜூலை 15-ந் தேதி வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் பெர்ஷிங் காலமானார். வயசு 87. ஆர்லிங்டன் மயானத்தில் புதைத்தார்கள். அத்தனை பெரிய தளபதிக்கு மண்டபம் இல்லை. சாதாரண சிப்பாய்க்கு வைக்கிற அதே வெள்ளைக் கல். சுற்றிலும் அவர் படையில் இருந்த சிப்பாய்கள். பக்கத்திலேயே பேரன் ரிச்சர்டின் கல்லும் இருக்கிறது. 1968-ல் வியட்னாமில் செத்த லெப்டினென்ட். தீயில் தப்பிய வாரனின் மகன்.

பெர்ஷிங் செத்து ஆறு வருஷம் கழித்து, 1954-ல், நியூயார்க் சிட்டி காலேஜில் ஒரு மாணவன் சேர்ந்தான். ஹார்லமில் பிறந்தவன். அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாடத்தில் மனம் ஒட்டவில்லை. கல்லூரியில் நீலமும் வெள்ளையுமாகத் தோளில் கயிறு போட்டுக்கொண்டு போகும் படைப் பயிற்சி மாணவர்களைப் பார்த்தான். மயங்கினான். பெர்ஷிங் ரைபிள்ஸ். அவர்களில் ஒருவனாகச் சேர்ந்தான். பிறகு அந்தக் கிளைக்குத் தலைவனாகவும் ஆனான்.

அவன் பெயர் காலின் பவல். 1989-ல் அமெரிக்க முப்படைகளின் கூட்டுத் தளபதிகள் குழுத் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர். 2001-ல் வெளிநாட்டு மந்திரி. 2021-ல் அவரும் காலமானார். அவரைப் புதைத்ததும் ஆர்லிங்டனில்தான்.